கவுட் (யூரிக் ஆசிட் கூடி வரும் மூட்டுவலி): யூரிக் ஆசிட் குறைக்கும் மாத்திரை ஆரம்பித்த 12ஆம் நாளே மறுபடி வலி. நிறுத்தலாமா? சாப்பாட்டில் எதைக் குறைப்பது?

கேள்வி: தென்காசி_மகன்

அப்பாவுக்கு வயது 58, எடை 84 கிலோ. ஏழு மாதத்தில் மூன்று தடவை வலது கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நடுராத்திரியில்தான் ஆரம்பிக்கிறது, போர்வை பட்டால்கூடத் தாங்க முடிவதில்லை.

வலி இருந்த அன்று எடுத்த யூரிக் ஆசிட் 6.4. ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருந்தது. மூன்று வாரம் கழித்து எடுத்தால் 9.1. சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் 1.4, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.2. பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 இரண்டும் சேர்ந்த மாத்திரை. கொலஸ்ட்ராலுக்கு இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் 10.

யூரிக் ஆசிட்டைக் குறைக்க ஃபெபுக்சோஸ்டாட் 40 எழுதித் தந்தார்கள். சாப்பிட ஆரம்பித்த 12ஆம் நாள் இடது கணுக்கால் வீங்கிவிட்டது. "இது எனக்கு ஒத்துக்கலை" என்று அப்பா நிறுத்திவிட்டார். இப்போது வலி வந்தால் மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போடுகிறார். மறுநாளே நடக்கிறார்.

வீட்டில் பருப்பு, தக்காளி, கீரை, மொச்சை எல்லாம் நிறுத்தியாயிற்று. கால் வலிக்கு நல்லது என்று வாரம் மூன்று நாள் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் பப்பாளிக்காய் டீ.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாமா? ஆயுளுக்கும் சாப்பிட வேண்டுமா? சாப்பாட்டை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா?

பதில் 1: மூட்டு_மருத்துவம்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 9.1ல் இருக்கும் ஒருவரைச் சாப்பாட்டால் மட்டும் 6க்குக் கீழே கொண்டுவருவது ஏறக்குறைய முடியாத காரியம். உடம்பில் உருவாகும் யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நம்முடைய செல்கள் சிதைந்து புதுப்பிக்கப்படும்போது உள்ளேயே உண்டாவது. சாப்பாட்டிலிருந்து வருவது மீதிப் பங்குதான். கட்டுப்பாடாகச் சாப்பிட்டாலும் குறைவது பெரும்பாலும் 1 புள்ளி அளவுக்கே. பலருக்கு உண்மையான காரணம், சிறுநீரகம் அதைப் போதுமான அளவு வெளியேற்றாததுதான். அதனால் அப்பா நாக்கைக் கட்டவில்லை என்று வீட்டில் யாரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

இனி 12ஆம் நாள் நடந்தது என்ன என்று பார்ப்போம். பனங்கற்கண்டு விளைவதைப் பார்த்திருப்பீர்கள். பாகு கெட்டியாக இருந்தால் நூலில் மணி மணியாகக் கற்கண்டு கட்டும். ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அதே மாதிரி மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகம் கட்ட ஆரம்பிக்கும். உடம்பிலேயே குளிர்ந்த இடம் பாதம். குளிர்ந்த இடத்தில் கரைதிறன் இன்னும் குறைவு. கட்டைவிரலில் முதலில் வருவதற்கு அது ஒரு காரணம். இந்தப் படிகம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும்.

மாத்திரை போட்டதும் ரத்தத்தில் அளவு சரசரவென்று இறங்கும். மூட்டில் ஒட்டியிருக்கும் படிகம் கரையத் தொடங்கி, ஓரங்கள் பெயர்ந்து மூட்டு நீரில் விழும். வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கப் போய்த்தான் வீக்கமும் சூடும் உண்டாகின்றன. ஆக, கணுக்கால் வீங்கியது மாத்திரை வேலை செய்ததன் அடையாளம். இதைச் சொல்லாமலும் பாதுகாப்பு மாத்திரை சேர்க்காமலும் ஃபெபுக்சோஸ்டாட்டை மட்டும் எழுதினால் நோயாளி நிறுத்தத்தான் செய்வார். அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது.

விடுபட்ட அந்தப் பாதுகாப்பு மாத்திரை கோல்ச்சிசின். யூரிக் ஆசிட் குறைக்கும் மாத்திரையோடு சேர்த்து தினமும் 0.5 மி.கி., குறைந்தது 3 மாதம், பெரும்பாலும் 6 மாதம் தர வேண்டும். அப்பாவின் கிரியேட்டினின் 1.4க்கு, 58 வயதில் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) ஏறக்குறைய 58 வரும். நாளுக்கு 0.5 மி.கி. பெரும்பாலும் தாங்கும். ஆனால் அட்டோர்வாஸ்டாட்டினும் சாப்பிடுவதால் தொடை, தோள் தசைகளில் வலியோ தளர்ச்சியோ வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

திரும்ப ஆரம்பிக்கும்போது டாக்டரிடம் பேச வேண்டியவை:

எந்த மாத்திரை என்பது முதலாவது. அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2020 வழிகாட்டுதல் முதலில் அலோபியூரினாலைத்தான் சொல்கிறது. 100 மி.கி. அல்லது அதற்கும் குறைவாக ஆரம்பித்து, சில வாரங்களுக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துப் படிப்படியாக ஏற்றுவது முறை. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு 50ல் ஆரம்பிப்பார்கள். 300 வரைதான் கொடுக்கலாம் என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அளவு இறங்காவிட்டால், கண்காணிப்போடு அதற்கு மேலும் ஏற்றலாம். ஃபெபுக்சோஸ்டாட் 40 என்றால் நான்கு வாரம் கழித்துப் பார்த்து, 6க்கு மேல் இருந்தால் 80. இதய நோய் உள்ளவர்களில் ஃபெபுக்சோஸ்டாட் எடுத்தவர்களுக்கு இதய மரணம் கூடுதல் என்று 2018ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. 2020ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் அப்படித் தெரியவில்லை. அப்பாவுக்கு ஏற்கனவே மாரடைப்போ ஸ்டென்ட்டோ இருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது, இலக்கு. "குறைந்திருக்கிறது" என்பது போதாது, 6க்குக் கீழே இருக்க வேண்டும். காதுமடலிலோ முழங்கையிலோ விரல் கணுவிலோ வெள்ளைக் கட்டி தெரிந்தால் 5க்குக் கீழே. தோலுக்கடியில் சுண்ணாம்புக் குழைவு மாதிரி தெரிவது அந்தப் படிகமேதான். 7.2ல் நிறுத்தி வைத்தால் பழைய படிகம் கரையாது, புதிது சேர்ந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, பிரஷர் மாத்திரை. ஹைட்ரோகுளோரோதயசைடு யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்து வைக்கும். அட்டையில் மாத்திரைப் பெயருக்குப் பின்னால் தனியாக 'எச்' என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் இதுதான். லோசார்ட்டான் யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஆம்லோடிபின் ஏற்றாது. மாற்ற முடியுமா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 சாப்பிடுபவர்கள் அதையும் கவுட்டுக்காக நிறுத்தக் கூடாது.

வலி நேரத்தில் 6.4 காட்டியதைப் பற்றி: வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் தற்காலிகமாக இறங்குவது சகஜம். அன்றைய நார்மல் ரிப்போர்ட்டை வைத்து கவுட் இல்லை என்று சொல்ல முடியாது. வலி அடங்கி 2 வாரம் கழித்து எடுப்பதுதான் சரியான அளவு. நீங்கள் மூன்று வாரம் கழித்து எடுத்தது நல்லது.

ஆயுளுக்குமா? பெரும்பாலும் ஆம். ஆனால் தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். படிகம் முழுக்கக் கரைந்துவிட்டால் வலியும் வராது, மூட்டும் அரிக்காது. நிறுத்தினால் சில மாதங்களில் பழையபடி ஏறி, பாகு மறுபடி கெட்டியாகிவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. மாஸ்டர் செக்கப்பில் யூரிக் ஆசிட் 7.5 வந்திருக்கிறது, வலி என்று ஒரு நாளும் வந்ததில்லை என்றால் பொதுவாக மாத்திரை தேவையில்லை. முழங்கால் தேய்மானத்துக்கும் குதிகால் வலிக்கும் இந்த எண்ணைக் காரணம் காட்டி மாத்திரை ஆரம்பிப்பது சரியல்ல.

பதில் 2: உணவியல்_மதுரை

தம்பி, முதல்ல அந்த ஆட்டுக்கால் சூப்பை நிறுத்துங்க. நம்ம வீடுகள்ல கால் வலின்னாலே சூப்புதான். எலும்பு தேய்ஞ்ச வலிக்குக் குடிச்சா பெரிசா கெடுதல் இல்லை. கவுட்டுக்கு அது நேர் எதிரி. உடம்புல யூரிக் அமிலமா மாறுற பொருளுக்குப் பியூரின்னு பேர். அது தண்ணியில கரையும். இறைச்சியைக் கொதிக்க வைக்கும்போது அதிலிருக்குற பியூரின்ல கணிசமான பங்கு குழம்புக்கும் சூப்புக்கும் இறங்கிடும். மணிக்கணக்கா கொதிக்க வைச்ச சூப்புங்குறது வடிச்செடுத்த பியூரின் தண்ணி. நண்டு ரசமும் எலும்பு ரசமும் அதே கணக்குதான்.

அதே விஷயத்தை நமக்குச் சாதகமாவும் பயன்படுத்திக்கலாம். கறி சாப்பிட ஆசைப்பட்டா, துண்டுகளைத் தண்ணியில 10 நிமிஷம் கொதிக்க விட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுசா மசாலா சேர்த்துச் சமைங்க. கிரேவியைக் குறைச்சு, துண்டு மட்டும் எடுத்துக்கச் சொல்லுங்க. சமைச்ச அளவுல 100 கிராம், அதாவது நடுத்தரமா நாலு துண்டு, வாரம் ரெண்டு மூணு நாள். இது போதும்.

பருப்பையும் கீரையையும் எதுக்கு நிறுத்தினீங்க? இந்தப் பயம் தமிழ்நாடு பூரா இருக்கு. 2004ல வந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 12 வருஷம் பின்தொடர்ந்து பார்த்தாங்க. இறைச்சியும் மீன் வகையும் அதிகம் சாப்பிட்டவங்களுக்கு கவுட் கூடியிருந்துது. பியூரின் அதிகமுள்ள காய்கறி சாப்பிட்டவங்களுக்குக் கூடலை. கொழுப்பு குறைஞ்ச பால் பொருள் சாப்பிட்டவங்களுக்குக் குறைஞ்சிருந்துது. சாம்பார்ல ஒருத்தருக்குப் போறது 15, 20 கிராம் பருப்பு. அதை எடுத்துட்டு அந்த இடத்துல இன்னொரு கரண்டி சோறு வைச்சா எடை ஏறும், சர்க்கரை ஏறும். எச்பிஏ1சி 6.2 இருக்குறவருக்கு அது நல்லதில்லை. பருப்பு, கீரை, தக்காளி, சுண்டல் எல்லாம் திரும்ப வரட்டும். தக்காளி சாப்பிட்டா வலிக்குதுன்னு சிலர் சொல்றாங்க. அவங்க மட்டும் ஒரு மாசம் விட்டுப் பார்க்கலாம்.

உண்மையிலேயே ஒதுக்க வேண்டிய பட்டியல் சின்னது. ஈரல், சுவரொட்டி, சிறுநீரகம், மூளை. இரும்புச்சத்துக்குன்னு வாங்குற சுவரொட்டி அப்பாவுக்கு வேண்டாம். கோழி ஈரல்ல 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல பியூரின் இருக்கு. அடுத்தது நெத்திலிக் கருவாடு. ஜப்பான்காரங்க போட்ட அட்டவணையில அவங்க ஊர்ச் சின்ன மீன் கருவாடு 700ஐத் தாண்டுது. தண்ணி வத்தி எல்லாம் செறிஞ்சு போறதால அப்படி. மத்தி, அதாவது சாளை, 200 பக்கம். இறாலும் கணவாயும் அதை ஒட்டி வரும். சங்கரா, வஞ்சிரம் மாதிரி பெரிய மீன்ல ஒரு துண்டு, வாரம் ரெண்டு தடவை, குழம்பா வைச்சா பரவாயில்லை. முட்டையில பியூரின் இல்லைன்னே சொல்லலாம். தினம் ஒண்ணு தாராளமா சாப்பிடலாம்.

இனிப்புதான் பலர் கவனிக்காத இடம். கரும்புச் சர்க்கரையில பாதி ஃபிரக்டோஸ். கல்லீரல் அதைச் செரிக்கும்போது செல்லோட சக்தி மூலக்கூறான ஏடிபியைக் கரைச்சு, அந்தக் கழிவையே யூரிக் அமிலமா ஆக்கிடும். பியூரின் துளிகூட இல்லாத ஒரு பொருள் யூரிக் ஆசிட்டை ஏத்துறது இப்படித்தான். 300 மில்லி கோலா பாட்டில்ல 30 கிராமுக்கு மேல சர்க்கரை. பாக்கெட் மாம்பழ ஜூஸும் அதே ரகம். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எதுலயும் இந்த விஷயத்துல சலுகை கிடையாது. பழத்தைக் கடிச்சுச் சாப்பிடலாம், பிழிஞ்சு குடிக்க வேண்டாம். காபி, டீ தடையில்லை, சர்க்கரையை ஒரு ஸ்பூனுக்குள்ள வைங்க.

மது பழக்கம் இருக்கான்னு நீங்க எழுதலை. இருந்தா பீர்தான் மோசம். அதுல ஆல்கஹாலும் பியூரினும் சேர்ந்தே இருக்கு. பிராந்தி, விஸ்கி அடுத்த இடம். வலி இருக்குற நாட்கள்ல எதுவுமே கூடாது.

தண்ணி ஒரு நாளைக்கு 2ல இருந்து 2.5 லிட்டர். சிறுநீர் வெளிறின வைக்கோல் நிறத்துல போகணும், அதுதான் அளவுகோல். இதயம் பலவீனமானவங்களும் சிறுநீரகம் ரொம்பப் பழுதானவங்களும் டாக்டர் சொன்ன அளவோட நிறுத்திக்கணும். சித்திரை, வைகாசி வெயில்ல வேலைக்குப் போய்த் தண்ணி குடிக்காம இருந்தா அன்னைக்கு ராத்திரியே வலி வரலாம். தண்ணிகூடக் குடிக்காம இருக்குற விரதமும் அப்படித்தான். விரதம் இருக்கணும்னா தண்ணியும் மோரும் குடிச்சுக்கிட்டு இருக்கட்டும்.

மோரைத் தனியாச் சொல்லணும். பாலாடை எடுத்த தயிர் கடைஞ்சு, உப்பு குறைச்சு, நாளைக்கு ரெண்டு டம்ளர். பால்ல இருக்குற புரதம் யூரிக் அமிலத்தைச் சிறுநீர் வழியா தள்ள உதவும். பழைய சோத்துல மோர் ஊத்திச் சாப்பிடுறது நல்ல பழக்கம், சோத்தோட அளவை மட்டும் பாருங்க.

எடை 84லிருந்து குறையணும். ஆனா மாசம் 2 கிலோ போதும். பட்டினி கிடந்தோ, சோறே இல்லாம கறியா சாப்பிட்டோ வேகமா குறைச்சா, கொழுப்பு எரியும்போது வர்ற கீட்டோன் கூடி, அது யூரிக் அமிலத்தைச் சிறுநீரகத்துலயே தடுத்து நிறுத்தும். டயட் ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம் கால் வீங்குறது அதனாலதான்.

பப்பாளிக்காய் டீ, முடக்கத்தான் தோசை, வாழைத்தண்டு ஜூஸ் இதெல்லாம் சாப்பாடா எடுத்துக்கலாம். ஆனா 9.1ஐ 6க்குக் கீழ இறக்கும்னு நிரூபணம் இல்லை. இதைக் குடிக்கிறோமேன்னு மாத்திரையை விடக் கூடாது. ஆப்ப சோடாவைத் தண்ணியில கலக்கிக் குடிக்கச் சொல்ற வீடியோவை நம்பாதீங்க. அதுல இருக்குற சோடியம் பிரஷரை ஏத்திடும்.

பதில் 3: மருந்தாளுநர்_கோவை

செட் மாத்திரை பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் மடித்துத் தரும் அந்த நாலைந்து மாத்திரைகளில் பெரும்பாலும் ஒரு டைக்ளோஃபெனாக் (வலி மாத்திரை), ஒரு வெள்ளைச் சின்ன ஸ்டீராய்டு, ஒரு அல்சர் மாத்திரை, சில சமயம் ஒரு தூக்க மாத்திரையும் இருக்கும். மறுநாளே நடப்பது ஸ்டீராய்டின் வேலை. கவுட்டுக்கு ஸ்டீராய்டு தவறான மருந்தில்லை. டாக்டர் எழுதினால் பிரெட்னிசோலோன் 30 மி.கி. 5 நாள் என்பது முறையான சிகிச்சைதான். ஆனால் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று தெரியாமல் மாதத்துக்கு இரண்டு தடவை போட்டால் எச்பிஏ1சி 6.2 சர்க்கரை நோயாக மாறிவிடலாம். கிரியேட்டினின் 1.4 உள்ளவருக்கு டைக்ளோஃபெனாக் இன்னும் ஆபத்து. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அது குறைக்கும். டெல்மிசார்ட்டானும் தயசைடும் ஏற்கனவே சாப்பிடுபவருக்கு மூன்றும் சேர்ந்தால் சில நாட்களிலேயே கிரியேட்டினின் எகிறலாம். அப்பாவுக்கு ஊசியாகவும் டைக்ளோஃபெனாக் வேண்டாம் என்று எங்கே போனாலும் முதலிலேயே சொல்லுங்கள். எட்டோரிகாக்சிப் 120ம் இந்த இனம்தான். அது பிரஷரையும் ஏற்றும்.

கோல்ச்சிசின் வீட்டில் இருந்தால் வலியின் முதல் மணி நேரங்களிலேயே எடுத்துவிடலாம். டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 0.5 மி.கி. மாத்திரையில் வழக்கமான முறை: குத்தல் ஆரம்பித்ததும் இரண்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அடங்கும்வரை காலை ஒன்று, தேவைப்பட்டால் இரவு ஒன்று. முதல் 12 மணி நேரத்துக்குள் எடுத்தால் நன்றாகக் கேட்கும், 36 மணி நேரம் தாண்டினால் பலன் குறைவு. வயிற்றுப்போக்கு ஆகும்வரை மணிக்கு ஒன்று போடும் பழைய முறையை இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது விஷ அளவுக்குக் கொண்டுபோய்விடும். வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

கோல்ச்சிசினோடு சேரக் கூடாதவை: தொண்டை, நெஞ்சுச் சளிக்குத் தரும் கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்குத் தரும் கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின். பிரஷர், இதய மாத்திரைகளில் வெராபமிலும் டில்டியாசெமும் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றும். காய்ச்சலுக்குப் போகும் புது டாக்டரிடம் கோல்ச்சிசின் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

அலோபியூரினால் ஆரம்பித்தால் முதல் இரண்டு மாதம் தோலைக் கவனியுங்கள். தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அந்த நேரமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாதாரண அரிப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாத்தியோபிரின் சாப்பிடுபவர்களுக்கு அலோபியூரினாலும் ஃபெபுக்சோஸ்டாட்டும் இரண்டுமே ஆகாது.

டிபி மருந்தில் பைரசினமைடு இருக்கும் முதல் இரண்டு மாதம் யூரிக் ஆசிட் 10, 12 என்று ஏறுவது வழக்கம். அதைப் பார்த்து டிபி மருந்தை நிறுத்தி விடாதீர்கள், சிகிச்சை தரும் டாக்டரிடம் காட்டுங்கள்.

தென்காசி_மகன்

ரொம்ப நன்றி. சூப் இன்றோடு நிறுத்தம். இன்னும் மூன்று கேள்வி. மறுபடி வலி வந்தால் அந்த நேரம் ஃபெபுக்சோஸ்டாட்டை நிறுத்தி வைக்க வேண்டுமா? வெந்நீர் ஒத்தடம், தைலம் தேய்ப்பது சரியா? மாமா ஒருவர் தாராபுரம் பக்கம் கண்வலிக் கிழங்கு சாகுபடி செய்கிறார். கவுட் மாத்திரையே அந்தச் செடியிலிருந்துதான் எடுக்கிறார்கள், கிழங்கைக் காயவைத்துப் பொடி செய்து சிட்டிகை சாப்பிட்டால் போதும் என்று சொல்லி அனுப்புவதாக இருக்கிறார். சாப்பிடலாமா?

பதில் 4: மூட்டு_மருத்துவம்

நிறுத்தக் கூடாது. வலி வந்தாலும் யூரிக் ஆசிட் மாத்திரை அதே அளவில் தொடர வேண்டும், வலிக்கான மருந்தை மேலே சேர்க்க வேண்டும். நிறுத்தி ஆரம்பித்து, நிறுத்தி ஆரம்பித்து என்று போனால் ஒவ்வொரு தடவையும் அளவு மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டமே அடுத்த வலியைக் கூப்பிடும்.

வெந்நீரும் தைலமும் வேண்டாம், தேய்க்கவே கூடாது. பனிக்கட்டியைத் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள், நாளுக்கு நாலைந்து தடவை. காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். போர்வை படாமலிருக்க, ஓர் அட்டைப் பெட்டியின் இரண்டு எதிர்ப்பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டுப் பாதத்தின் மேல் பாலம் மாதிரி கவிழ்த்து, அதற்கு மேல் போர்வையைப் போடுங்கள். இரவில் தூக்கம் வரும்.

எல்லாச் சிவந்த மூட்டும் கவுட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிரோடு காய்ச்சல் இருந்தாலோ, மூட்டுக்கருகில் புண் இருந்தாலோ, வழக்கமான மருந்து எடுத்தும் இரண்டு நாளில் அடங்காவிட்டாலோ மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரியில் ஊசியால் மூட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். தாமதித்தால் சில நாட்களில் மூட்டு அரித்துப்போகும். அந்த நீரை முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் பார்த்து ஊசிப் படிகம் தெரிந்தால் கவுட் என்பது ஐயமில்லாமல் உறுதி.

கிழங்கு விஷயத்தில் உங்கள் மாமா சொன்னதில் பாதி உண்மை. கோல்ச்சிசின் செங்காந்தளில், அதாவது கண்வலிக் கிழங்குச் செடியில், இருப்பதுதான். நம் மாநில மலர் அது. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் போட்டு வளர்ப்பதே விதைக்காகத்தான், விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. மீதிப் பாதி உயிரை எடுத்துவிடும். மாத்திரையில் இருப்பது அளந்த அரை மில்லிகிராம். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது செடிக்குச் செடி மாறும். இந்த மருந்தில் குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது, சிட்டிகையால் அளக்க முடியாது. அப்பாவுக்குச் சிறுநீரகமும் முழு வேகத்தில் இல்லை, உள்ளே போனது வெளியேறத் தாமதமாகும்.

யாராவது சாப்பிட்டுவிட்டால் முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். பிறகு வாந்தி, தண்ணீராக வயிற்றுப்போக்கு. அது அடங்குவது போலத் தோன்றும் இரண்டாவது, மூன்றாவது நாளில்தான் ரத்த அணுக்களும் சிறுநீரகமும் இதயமும் விழ ஆரம்பிக்கும். முறிவு மருந்து கையில் கிடையாது, டயாலிசிஸ் செய்தாலும் வெளியே வராது. அதனால் வாந்திக்காகக் காத்திருக்காமல், தெரிந்த நிமிடமே 108ஐக் கூப்பிட்டு, மிச்சமிருக்கும் பொடியையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாமா பொடியை அனுப்பிவிட்டார் என்றால் சமையலறைக்குள் வைக்காதீர்கள், மஞ்சள், சுக்குப் பொடியோடு கலந்துவிடும். இன்றைக்கே அவருக்குப் போன் செய்து அவர் வீட்டிலும் யாரும் சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள்.